காய்ச்சல் இறங்கியது... மனசு எழும்பலை!

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர். 2006-ல் தமிழ்நாட்டை முடக்கிப் போட்ட சிக்குன்குனியா அவரையும் விடவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. ஆனால், மூட்டுவலி போகவில்லை. ஏலம் கூவினால் தென்காசி வரை கேட்கும் என்று கிண்டலடிப்பார்களே, அந்த மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். ‘‘எதுலயும் மனசு ஒட்டலைய்யா...’’ வீட்டிலோ, ‘‘சோம்பேறித்தனம்! குற்றாலத்துல நாலு முழுக்குப் போட்டா சரியாயிரும்’’ என்றார்கள்.

அது சோம்பேறித்தனம்தானா?

கொஞ்சம் பின்னால் போவோம். 1930... நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வகம். நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு விசித்திரப் புரதத்தைக் கண்டார்கள் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர். நோய் முற்றினால் ஏறும், குணமானால் மறைந்துவிடும்! இன்று லேப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் ‘சி.ஆர்.பி.’ அதுதான். காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதல்லவா? அந்த ‘அழற்சி’ உடம்புக்குள் எங்கே நடந்தாலும் கல்லீரல் இதைச் சுரந்து தகவல் சொல்லிவிடும்.

இதற்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கிருமியோடு சண்டை போட நம் உடம்பே தயாரிக்கும் சரக்கு இன்டர்ஃபெரான். அதையே மருந்தாக்கி, ஒருவகைத் தோல் புற்றுநோய்க்காரர்களுக்கு ஊசி போட்டபோது, பலர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்கள். (புற்றுநோய் வந்தால் சோகம் வராதா என்று கேட்பீர்கள். நியாயம்தான்!) 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஊசிக்கு இரண்டு வாரம் முன்பே பாதிப் பேருக்கு மனச்சோர்வு மாத்திரையை ஆரம்பித்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரைக்காரர்களில் 45 சதவிகிதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 11 சதவிகிதம்தான்!

அப்படியென்றால் அழற்சியை அடக்கினால் சோகம் போய்விடுமா? 2013-ல் வெளியான ஆய்வில் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்திருந்தார்கள். வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாத 60 பேர். மூட்டுவாதத்துக்குப் போடும் ‘இன்ஃப்ளிக்ஸிமாப்’ மூன்று தடவை ஏற்றினார்கள். பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். 12 வாரம் கழித்துப் பார்த்தால்... வித்தியாசமே இல்லை!

மூட்டை கட்டியிருப்பார்கள். ஆனால், சி.ஆர்.பி. அளவை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களில், மருந்து ஏறியவர்களில் 62 சதவிகிதம் பேருக்கு நோய் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, உப்புநீர்க்காரர்களில் 33. அளவு குறைவாக இருந்தவர்களுக்கோ, உப்புநீரே தேவலை!

உடனே லேபுக்கு ஓடாதீர்கள். ஈறு வீங்கினாலும், தொப்பை போட்டாலும்கூட சி.ஆர்.பி. ஏறும். இது சின்ன ஆய்வு வேறு. அந்த மருந்து இன்றுவரை மனச்சோர்வுக்கு அங்கீகாரம் பெறவில்லை.

நம்ம அண்ணாச்சியின் குரல் மார்க்கெட்டில் மறுபடி கேட்க ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை வீட்டில் அவருக்குப் பேர், சோம்பேறி.