வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஓர் ஏரியை மையமாகக் கொண்டு அமைந்துள்ளது. சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைக் கடந்து தெற்கே சென்று, படாளத்தில் பிரியும் சாலை வழியாக இதனை அடையலாம்.

வரலாறு

பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயல்களுக்கு உரமாவதை அறிந்த ஊர்மக்கள், பறவை வேட்டையைத் தடுத்து வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் பறவைகளைச் சுட்டபோது, மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றனர். இவ்வாணை 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 2022இல் இவ்விடம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

பறவைகள்

நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலம் பறவை நோக்கலுக்கு ஏற்றது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் முதலியன நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலிய வாத்துகள் வடக்கில் இருந்து வலசை வருகின்றன. அருகிலுள்ள கரிக்கிலி சரணாலயத்திலும் இத்தகைய வாத்துகளைக் காணலாம்.

பாதுகாப்பு

வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி வறண்டால் பறவைகள் வேறிடம் நாடுகின்றன. இவை சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும் இரை தேடுவதால், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள பகுதியும் சரணாலயத்தில் அடங்கும். இப்பரப்பின் ஒரு பகுதியில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் முன்மொழிவு 2020இல் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது, பின்னர் கைவிடப்பட்டது.