படக்கதையும் பாமரரும்

காலவரிசையை மாற்றிச் சொல்லப்படும் படக்கதை சிலருக்கு விளங்குவதில்லை. பின்னர் நடந்தது முன்னர் வருகிறது. ஒரே நிகழ்ச்சியை மூவர் மூன்று விதமாகக் கூறுகின்றனர். உண்மை எதுவென்று அறியாமலே காண்போர் எழுந்து செல்கின்றனர். இதனைக் கண்ட கற்றோர் சிலர், பாமரர்க்கு நுட்பமறியும் ஆற்றல் இல்லையென்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுவர். ஜொகூர்த் தமிழரின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போமாயின், அத்தீர்ப்பு எத்துணைப் பிழையுடையது என்பது புலனாகும்.

தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. பின்னர் 1933-இல் 'வள்ளி திருமணம்', 1934-இல் 'பவளக்கொடி' எனப் பழங்கதைகளே படங்களாயின. கொட்டகைக்குள் நுழையுமுன்னரே மக்கள் அக்கதைகளை அறிந்திருந்தனர். தெருக்கூத்திலோ கட்டியங்காரன் முன்வந்து, வருபவர் இன்னார் என்று அறிவித்தான். ஜப்பானியரும் பேசாப் படங்களுக்குப் 'பென்ஷி' என்னும் விளக்குவோரை வைத்திருந்தனர். விக்கிரமாதித்தன் கதையில் கதைக்குள் கதை எத்தனையோ உண்டு; கேட்ட கிழவியும் சிறுவனும் வழி தவறியதில்லை. ஆகவே மயக்கத்திற்குக் காரணம் வரிசை மாறுவது மட்டுமன்று; மாறும் இடத்தை அறிவிப்பார் இல்லாமற் போனதே முதற் காரணம்.

1954-இல் எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி. எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' இதற்கு ஏற்ற சான்று. 1943 அக்டோபர் 11-ஆம் நாள் இரவு சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்டது அக்கதை. வானொலிப் பொறிஞன் ஒருவன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். மனைவி, தம்பி, அண்டை வீட்டார் முதலியோர் தத்தம் கோணத்திலிருந்து அவனைப் பற்றிக் கூறுகின்றனர். படத்தில் பாட்டு இல்லை, நடனமும் இல்லை. பாட்டு வந்தால் இது இன்பம், இது துன்பம் என்று காண்போர் அறிவர். அந்த அடையாளமும் அகன்றது. அரசின் தகுதிச் சான்றிதழ் பெற்ற அப்படம், முதல் வெளியீட்டில் பொருளீட்டத் தவறிற்று.

இனி ஜொகூரை நோக்குவோம். குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் திடலில் திரை கட்டி இரவில் படம் காட்டினர். விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டிய பால்மரத் தொழிலாளி, பகலெல்லாம் உழைத்த உடலோடு தரையில் அமர்ந்து அதனைப் பார்த்தான். சுருள் மாற்றுகையில் படம் நிற்கும், குழந்தை அழும், மழையும் வரும். ஒரு நொடி தவறினால் நூல் அறுந்துபோகும் கதையை இந்நிலையில் எவர்தாம் தொடர்வர்? பட்டதாரியை அங்கே அமர்த்தினாலும் மயங்கியிருப்பார்.

அதே மக்கள் இதனினும் சிக்கலான கதையொன்றை வாழ்க்கையில் அவிழ்த்தவராவர். 1942 சனவரி 31-ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாருவை விட்டுப் பாலத்தைத் தகர்த்துச் சென்றது. பின்னர் ஜப்பானியர், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்கக் கொண்டு சென்றனர். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை இணைந்தது 1943 அக்டோபரில். சென்னையில் குண்டு விழுந்த அதே மாதம். போனவருள் பெருந்தொகையினர் காலராவாலும் பசியாலும் மாண்டனர். 1945-க்குப் பின் மீண்டவர் சிலர் கொண்டுவந்தவை துண்டுச் செய்திகளே. ஒருவர் இறுதியைக் கண்டிருப்பார். மற்றொருவர் தொடக்கத்தை மட்டும் கண்டிருப்பார். இருவர் கூற்று முரண்படவும் கூடும். லயத்து வீடுகளில் காத்திருந்த தாய்மாரும் மனைவியரும் அத்துண்டுகளை இணைத்தே தம்மவர் கதியை உய்த்துணர வேண்டியிருந்தது. இவர்களுக்கா நுட்பம் விளங்காது?

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. மீண்டு வந்தவனிடம், "எந்த முகாம்? மழைக்கு முன்னா, பின்னா?" என்று கேட்கலாம், திரையிடம் கேட்க இயலாது. கேள்விக்கு இடமுள்ள போது அறிவு விழித்தெழும். இல்லாத போது சோர்வுறும்.

ஆதலின் வேண்டுவன இரண்டு. படம் எடுப்போர், காலம் மாறுவதை ஒளியாலோ ஒலியாலோ ஒரு பொருளாலோ உணர்த்துவது கலைக்கு இழுக்கென எண்ணலாகாது. காண்போரும் விளங்கவில்லை என்று சொல்ல வெட்குதல் கூடாது. படம் முடிந்தபின் கூடியிருந்து கேட்டுத் தெளிதல் வேண்டும். தோட்டங்கள் பல மறைந்து, கைப்பேசியிலேயே படம் காணும் இந்நாளில் அக்கூட்டத்திற்குப் படிப்பகமும் தமிழ்ப்பள்ளியும் இடந்தரலாம். பலர் சொல்லை நிறுத்துப் பார்த்து உண்மை காணும் பழக்கம் படத்தோடு நிற்பதன்று. மேடைப் பேச்சையும் பழங்கதையையும் ஆராய அதுவே துணையாகும். அதனைப் பாமரர்க்கு மறுப்போர், விளங்கவில்லை என்பதைக் காரணமாகக் காட்டுதல் தகாது.