ஒரே காற்றுக்கு மூன்று பங்காளிகள்: இன்டர்கூலரும் பிரேக்கும்

திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் மிஷின் மேல் படியும் பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளுவது கம்ப்ரஸர் காற்று. பிஸ்டன் வைத்த இரண்டு கட்ட கம்ப்ரஸரை உற்றுப் பார்த்தால், பெரிய சிலிண்டருக்கும் சிறிய சிலிண்டருக்கும் நடுவில் தகடுகள் கோத்த குழாய் ஒன்று தெரியும். அதுதான் இன்டர்கூலர். முதல் கட்டத்தில் அழுத்தப்பட்டுச் சூடான காற்றை, இரண்டாம் கட்டத்துக்குப் போகும் முன் அது ஆற வைக்கிறது. பக்கத்துக் கோவையில் 1960-ல் தொடங்கிய எல்ஜி நிறுவனம் உலகம் முழுக்க விற்பது இந்த கம்ப்ரஸர்களைத்தான். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் பெருமையாகப் பேசும் இன்டர்கூலர், பனியன் ஊருக்குப் பழைய சொந்தம்!

காரில் நடப்பதும் இதேதான். ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். வீணாக வெளியேறும் புகையால் ஒரு சக்கரம் சுழலும், அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். ஆனால் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் அதன் வெப்பம் 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, அதனால் ஆக்சிஜனும் குறைவு. அதை ஆற வைத்தால் அதே எஞ்சினில் கூடுதல் சக்தி கிடைக்கும்.

அந்தச் சக்தியோடு ஒரு கடனும் சேர்ந்து வருகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் 120 கி.மீ. வேகத்தில் இருந்து நிற்க வேண்டுமானால், சுமார் 6.7 லட்சம் ஜூல் ஆற்றலில் பெரும்பங்கை பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். அதே வளைவுக்கு 140-ல் வந்தால் அது 9 லட்சத்தைத் தாண்டும். வேகம் கூடியது ஆறில் ஒரு பங்குதான், வெப்பமோ 36 சதவீதம் கூடிவிட்டது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டது ஜெர்மனியின் போர்ஷே. 1974-ல் அறிமுகமான 911 டர்போவில் 3 லிட்டர் எஞ்சின், 260 குதிரைத்திறன், இன்டர்கூலர் கிடையாது. 1978 மாடலில் எஞ்சின் 3.3 லிட்டராகி, இன்டர்கூலரும் சேர்ந்து, சக்தி 300-ஐத் தொட்டது. அதே மாடலில் 917 பந்தயக் காரின் வழியில் வந்த பெரிய பிரேக்குகளும் பொருத்தப்பட்டன. இன்டர்கூலரை வைத்த இடம் பின் இறக்கைக்கு அடியில். எனவே முன் சக்கர பிரேக்குக்குப் போகும் காற்றில் அது கை வைக்கவில்லை.

பின்னாளில் கடைகளில் மாற்றிப் பொருத்தும் பெரிய இன்டர்கூலர்கள் பெரும்பாலும் முன் பம்பருக்குள்தான் உட்காருகின்றன. அங்கே நுழையும் காற்றுக்கு மூன்று பங்காளிகள்: இன்டர்கூலர், ரேடியேட்டர், பிரேக். முதல் பங்காளி பெருத்தால் பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்குக் காற்று குறைவாகவும் சூடாகவும் போகிறது. சில கார்களில் புது பைப்புக்கு இடம் விட, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் பிளாஸ்டிக் வழியையே கழற்றிவிடுகிறார்கள். ஆக, வெப்பம் கூடிய பிரேக்குக்குக் காற்று குறைகிறது!

விளைவு என்ன? அளவுக்கு மீறிச் சூடான பேட் பிடிப்பை இழக்கும். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 தான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் தரை வரை இறங்கிவிடும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அப்படி நடந்தால்? மெதுவாக இறங்கும் காரில் காற்றோட்டமும் குறைவு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கொங்கு நாட்டுப் பந்தய வரலாறு வேறொரு வழியைக் காட்டியது. கோவை ஜவுளி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், 1988-ல் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். டர்போ இல்லை, இன்டர்கூலரும் இல்லை. சக்கரங்கள் திறந்த வெளியில் இருந்ததால் பிரேக்குக்கு நேரடிக் காற்று. பணக்காரர் விளையாட்டாக இருந்த பந்தயத்தை அந்த எளிய கார் பல இளைஞர்களுக்குத் திறந்துவிட்டது. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான கோவை நரேன் கார்த்திகேயனும் தொடக்க காலத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெரிய இன்டர்கூலர் வாங்குவது தவறில்லை. ஆனால் நல்ல பேட், புது டாட் 4 ஆயில், பிரேக்குக்குத் தனிக் காற்று வழி ஆகியவற்றுக்கும் அதே பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும். 1978-ல் போர்ஷே செய்ததும் அதைத்தான்: ஓட வைக்கும் சக்தியைக் கூட்டிய அன்றே, நிறுத்தும் சக்தியையும் கூட்டியது.