திமிங்கலத்துக்கு மாற்றாக வந்த செடி

ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஜோஜோபா என்று இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். எழுதுவதுதான் அப்படி, உச்சரிப்பது ஹோஹோபா. அமெரிக்காவின் அரிசோனாவிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் விரிந்து கிடக்கும் சோனோரா பாலைவனம்தான் இந்தப் புதர்ச்செடிக்குச் சொந்த ஊர். மழை பொய்த்தாலும் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். தோல்போலத் தடித்த இலைகள் செங்குத்தாக நிற்பதால் உச்சி வெயில் நேராக அவற்றின்மேல் படாது. ஆணிவேர் பல மீட்டர் ஆழம் போகும். 100 வருடங்களுக்கு மேல் வாழும்.

அங்குள்ள பழங்குடி மக்கள் இதன் விதையை அரைத்துத் தலைமுடிக்கும் காயங்களுக்கும் தடவி வந்தார்கள். தாவரவியல் பெயர்தான் வேடிக்கை. 1822-ல் லிங்க் என்ற ஜெர்மானியர் இதற்குச் 'சீனத்துச் செடி' என்று பொருள்படும்படி பெயர் வைத்துவிட்டார். 'கலிஃப்' என்று சுருக்கி எழுதியிருந்ததைச் 'சைனா' என்று படித்ததால் வந்த வினை என்கிறார்கள். சீனாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் சிம்மண்ட்சியா சைனென்சிஸ் என்பதே இன்றும் இதன் பெயர்.

1933-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் விதையைச் சோதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விதையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அதுவும் மற்ற விதை எண்ணெய்களைப் போல் கொழுப்பு அல்ல, திரவ நிலையில் உள்ள மெழுகு. இதற்கு நெருக்கமான பொருள் அதுவரை ஸ்பெர்ம் திமிங்கலத்திலிருந்துதான் பெரிய அளவில் கிடைத்து வந்தது. கார் கியர்களுக்கும் இயந்திரங்களுக்கும் அந்த எண்ணெய் தேவைப்பட்டது. 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்து, எண்ணெய் இறக்குமதியையும் நிறுத்தியது. உடனே எல்லோரும் பாலைவனப் புதரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

1970-களின் இறுதியில் தோட்டங்கள் பெருகின. தண்ணீர் வேண்டாம், தரிசு நிலம் போதும் என்று விளம்பரம் செய்தார்கள். வரிச்சலுகைக்காகவே பணம் போட்டவர்களும் உண்டு. ஆனால் வறட்சியில் உயிரோடு இருப்பது வேறு, காய்த்துத் தள்ளுவது வேறு. நல்ல விளைச்சலுக்கு இதற்கும் பாசனம் தேவைப்பட்டது. உறைபனி பூக்களைக் கருக்கியது. பெரிய அடி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. இதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. விதை போட்டு வளர்த்தால் சுமார் பாதி ஆணாக வரும். பூக்கும் வரை, அதாவது மூன்று நான்கு வருடங்களுக்கு, எது எதுவென்று பார்வைக்குத் தெரியாது. மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோய்விடும் என்பதால் சில ஆண் செடிகள் இருந்தால் போதும். மீதியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான். எஞ்சிய பெண் செடிகளிலும் ஒன்று கூடை நிறையக் காய்க்கும், பக்கத்தில் நிற்பது கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளும். கடன் வாங்கிப் பயிரிட்டவர்களால் அத்தனை வருடம் எப்படித் தாங்க முடியும்? பல தோட்டங்கள் கைவிடப்பட்டன.

பிறகுதான் நன்றாகக் காய்க்கும் பெண் செடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கிளைத்துண்டுகளை வேர்விட வைத்து நடும் முறை நிலைபெற்றது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலும் அர்ஜென்டினாவிலும் சொட்டுநீர் போட்டு வளர்த்தார்கள். அதற்குள் கியர்களுக்கு வேறு மலிவான எண்ணெய்கள் வந்துவிட்டன. ஹோஹோபாவின் விலையை அழகுசாதன நிறுவனங்களால்தான் கொடுக்க முடிந்தது. அப்படித்தான் அது ஷாம்பு பாட்டிலுக்குள் வந்து சேர்ந்தது.