ஸ்காபரோவின் தமிழ் வாக்குகளும் புதிய சனநாயகக் கட்சியின் சரிவும் (1990–2025)

முன்னுரை

2011 மே 2ஆம் நாள் நடைபெற்ற கனடியப் பொதுத்தேர்தலில், ஸ்காபரோ – றூஜ் றிவர் தொகுதியிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். கனடிய நாடாளுமன்றத்தில் இடம்பெற்ற முதல் தமிழர் அவரே. 1988 முதல் லிபரல் கட்சியின் வசமிருந்த அத்தொகுதியைப் புதிய சனநாயகக் கட்சி ஏறக்குறைய 40 விழுக்காட்டு வாக்குகளுடன் கைப்பற்றியது. ரொறன்ரோ மாநகரில் அக்கட்சி அன்று வென்ற எட்டு இடங்களுள் இதுவும் ஒன்று. நான்கு ஆண்டுகளின் பின், 2015 பொதுத்தேர்தலோடு, அந்த எட்டில் ஒன்றும் கட்சியிடம் எஞ்சவில்லை. 2019, 2021, 2025 ஆகிய பொதுத்தேர்தல்களில் அவற்றுள் ஒன்றுகூட மீளவில்லை.

வசதி பெற்ற தமிழர் இடதுசாரிகளைக் கைவிட்டனர் என்பதே இச்சரிவுக்கு நம்மிடையே வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். இக்கட்டுரை அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. தொழிற்சங்கம் என்னும் பாலத்தின் வழியே தன் மரபு வாக்காளரோடு பிணைந்திருந்த ஒரு கட்சி, அப்பாலம் சிதைந்தபோது மாற்றுப் பாலம் எதனையும் கட்டவில்லை. தமிழர் வாக்கு அதன் கைக்கு வந்ததும் நழுவியதும் அந்த வெற்றிடத்திலேயே நிகழ்ந்தன என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மரபு வாக்கும் அதன் முறிவும்

1932இல் கல்கரியில் தோன்றிய கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு, 1961இல் கனடியத் தொழிலாளர் பேரவையுடன் இணைந்து புதிய சனநாயகக் கட்சியாக மாறியது. உழவர், தொழிற்சங்கத்தினர், சமய வழிச் சமதர்மவாதிகள் ஆகியோரின் கூட்டணியாக இருந்த இயக்கம், இதன்பின் ஒன்ராறியோவில் பெரிதும் தொழிற்சங்கத்தை நம்பிய கட்சியாயிற்று. ஸ்காபரோவும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. மாகாணக் கட்சித் தலைவராக விளங்கிய ஸ்டீபன் லூவிஸ், 1963 முதல் 1978 வரை ஸ்காபரோ மேற்குத் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். எக்லிங்ரன் வீதியை அண்டிய கோல்டன் மைல் தொழிற்பேட்டை அன்று உற்பத்தித் தொழிலாளர் நிறைந்த பகுதியாக இருந்தது.

1990 செப்ரெம்பரில் பொப் ரே தலைமையில் கட்சி 130 இடங்களுள் 74ஐ வென்று ஒன்ராறியோவில் முதன்முறையாக ஆட்சி அமைத்தது. பொருளாதார மந்தம் அவ்வாட்சியை உடனே சூழ்ந்தது. 1993இல் ஸ்காபரோவின் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே ஆண்டில் அரசு கொண்டுவந்த 'சமூக ஒப்பந்தச்' சட்டம், பொதுத்துறை ஊழியர் பேரம்பேசிப் பெற்றிருந்த கூட்டு உடன்படிக்கைகளை மீறி ஊதிய முடக்கத்தையும் ஊதியமில்லா விடுப்பையும் திணித்தது. வேலைநீக்கத்தைத் தவிர்ப்பதே நோக்கமென அரசு வாதிட்டது. ஆயினும் தொழிற்சங்கக் கட்சியே தொழிற்சங்க உடன்படிக்கையைத் திறந்து திருத்தியது என்ற வடு ஆறவில்லை. 1993 கூட்டாட்சித் தேர்தலில் கட்சி ஒன்ராறியோவில் ஓரிடமும் பெறவில்லை. 1995இல் மாகாணத்தில் 17 இடங்களாகச் சுருங்கியது.

அத்தோல்வியின் விளைவு வாக்கு எண்ணிக்கையோடு நிற்கவில்லை. ஆட்சிக்கு வந்த மைக் ஹரிஸ் அரசு, தொழிலாளர் கையொப்ப அட்டைகளைக் கொண்டே சங்கத்தை அங்கீகரிக்கும் நடைமுறையை 1995இல் நீக்கி, ஒவ்வொரு பணியிடத்திலும் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கியது. சிறு பணியிடங்களில் சங்கம் அமைப்பது இதனால் மேலும் கடினமாயிற்று.

தமிழர் நுழைந்த தொழிற்களம்

1983 ஆடிக் கலவரத்தின் பின் பெருந்தொகையாக வரத் தொடங்கிய ஈழத்தமிழர், சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடிகளில் முதலில் குடியேறிப் பின் ஸ்காபரோவுக்குப் பரவினர். உணவகச் சமையலறை, துப்புரவுப் பணி, சிறு தொழிற்சாலை, வேலை முகவர்வழிக் கூலி ஆகியவையே அவர்களுள் பலருக்கு வாய்த்த தொழில்கள். இவை பெரும்பாலும் சங்கம் எட்டாத இடங்கள். வர்க்க நிலையால் இடதுசாரிக் கட்சிக்கு மிக நெருங்கியிருந்த மக்கள், அமைப்பு வழியில் அதற்கு மிகத் தொலைவில் இருந்தனர். அவர்களைத் திரட்டிய அமைப்புகள் கோயில்கள், ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ் வானொலிகள் ஆகியனவே. குடிவரவின் கதவைத் திறந்தவர்கள் என்ற எண்ணத்தால் அவர்களுள் பலர் லிபரல் கட்சியை ஆதரித்தனர்.

ஏற்புக்கான வாக்கு

இந்நிலையை மாற்றியது 2009. முள்ளிவாய்க்கால் பேரழிவின் இறுதி நாள்களில், மே 10 அன்று, தமிழர் கார்டினர் விரைவுச்சாலையை மறித்தனர். 2010 ஓகஸ்ற்றில் 492 பேருடன் 'சன் சீ' கப்பல் வந்தபோது, கன்சர்வேற்றிவ் அரசு அவர்களைப் பாதுகாப்பு அச்சுறுத்தலாகச் சித்திரித்துத் தடுத்து வைத்தது. அதன் தொடர்ச்சியாகக் கொண்டுவரப்பட்ட கடுமையான அகதிச் சட்டமூலத்தைப் புதிய சனநாயகக் கட்சி எதிர்த்தது. ஜக் லேய்ரனின் செல்வாக்கும், இளந்தலைமுறைத் தமிழரின் வீடுவீடான பரப்புரையும், தமிழ் வேட்பாளரும் ஒன்றுகூடியபோது 2011இன் வெற்றி பிறந்தது.

அவ்வாக்கு துயருற்ற ஒரு சமூகம் தன்னைக் காணுமாறு நாட்டை நோக்கி விடுத்த கோரிக்கை. குறைந்தபட்ச ஊதியம், வாடகை, வேலைப் பாதுகாப்பு ஆகியவை அதன் மையத்தில் இருக்கவில்லை. கட்சியோ அதனைத் தன் நிலையான தளத்தின் விரிவு எனக் கருதியது.

ஏற்பு என்பது எந்தக் கட்சியும் வழங்கக்கூடியது. பின்வந்த ஆண்டுகள் இதனை உறுதிப்படுத்தின. 2016இல் லிபரல் உறுப்பினர் ஹரி ஆனந்தசங்கரியின் முன்மொழிவால் சனவரி மாதம் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கப்பட்டது. 2021இல் மாகாணக் கன்சர்வேற்றிவ் உறுப்பினர் விஜய் தணிகாசலத்தின் தமிழினப்படுகொலைக் கல்வி வாரச் சட்டம் ஒன்ராறியோவில் நிறைவேறியது. 2022இல் கூட்டாட்சி நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழினப்படுகொலை நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. மூன்று கட்சிகளும் தமிழரைக் கண்டுகொண்டபின், முதலில் கண்ட கட்சிக்குத் தனிச்சிறப்பு எஞ்சவில்லை.

2015இல் வேறு இரு காரணங்களும் சேர்ந்தன. ஹார்ப்பர் அரசை அகற்ற விரும்பியோர், முந்துபவரே வெல்லும் தேர்தல் முறையில் வெல்லத்தக்க கட்சியைத் தேடினர். அப்போது ரொம் மல்கெயர் சமநிலை வரவுசெலவுத் திட்டத்தை உறுதியளிக்க, ஜஸ்ரின் ட்ரூடோ பற்றாக்குறையை ஏற்றுப் பொதுச் செலவைப் பெருக்குவதாகக் கூறினார். இடதுசாரிக் கட்சி லிபரல்களின் வலப்புறம் நிற்பதாகத் தோன்றிற்று. ரொறன்ரோவின் 25 இடங்களும் லிபரல்களுக்குச் சென்றன.

எதிர்ச்சான்றும் ஒப்புமையும்

புறநகர் வாக்காளர் இடதுசாரிகளுக்கு வாக்களிக்கவே மாட்டார் என முடிவுகட்டுவது பிழை. வங்கதேசத்தில் பிறந்த டொலி பேகம், மாகாணச் சட்டமன்றத்துக்கு ஸ்காபரோ தென்மேற்கிலிருந்து 2018, 2022, 2025 என மும்முறை அதே கட்சியின் சார்பில் வென்றார். குடியிருப்பு, மின்கட்டணம், பள்ளி எனத் தெருவளவில் தொடர்ந்து பேசப்பட்ட இடத்தில் தளம் உருவாயிற்று. மறுபுறம், மரபு வாக்கின் கோட்டைகளே தகர்ந்தன: 2022இல் கட்டுமானத் தொழிற்சங்கங்கள் சில டக் போர்டை ஆதரித்தன, 2025இல் வாகனத் தொழிலாளர் நகரான வின்சர் மேற்கு கன்சர்வேற்றிவ் கட்சியிடம் வீழ்ந்தது. அத்தேர்தலில் நாடு முழுவதும் கட்சி பெற்றவை ஏழு இடங்களே. ஆகவே, சரிவைத் தமிழரின் வசதி வளர்ச்சிக்கு மட்டும் உரிய விளைவாகக் கொள்ள இயலாது.

ஈழத்தமிழர்க்கு இடதுசாரிகளோடு முன்னரே ஒரு வரலாறு உண்டு. 1956இல் பருத்தித்துறை மக்கள் பொதுவுடைமைக் கட்சியின் பொன். கந்தையாவைத் தெரிந்தனர். அவ்வாண்டு தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாசக் கட்சி, 1964இல் ஆட்சிக் கூட்டணியில் சேர்ந்தது. 1966இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் நின்றது. 1972 அரசியலமைப்பை வரைந்தளித்தவர் அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாவே. 1977இல் அக்கட்சி ஓரிடமும் பெறவில்லை. பெரும்பான்மை வாக்கைக் காக்கச் சிறுபான்மையைக் கைவிட்ட கட்சி ஈற்றில் இரண்டையும் இழந்தது. ஒன்ராறியோவின் நிலை வேறு: அங்கு கொள்கைத் துரோகம் தமிழர்க்கு இழைக்கப்படவில்லை. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. இரு கட்சிகளும், தம்மை உருவாக்கிய மக்களை, ஆட்சியின் நெருக்கடியில், வேறெங்கும் செல்லாதவர் எனக் கருதின.

முடிவுரை

வாக்காளர் கட்சியை விட்டு விலகினர் என்பதைவிட, கட்சிக்கும் வாக்காளர்க்கும் இடையிலிருந்த அமைப்புகள் மறைந்தன என்பதே பொருத்தமான முடிவு. தொழிற்சங்கம் எட்டாத தமிழ்த் தொழிலாளரை அணுகக் கட்சி கோயில் முன்றிலுக்கும் ஊர்ச்சங்க விழாவுக்கும் வந்தது, அங்கு பண்பாட்டைப் பேசியது, கூலியைப் பேசவில்லை. நம் ஆய்வுகளும் கனடியத் தமிழரை அகதிகளாக, வணிகராக, பண்பாட்டுக் காவலராகப் பதிவுசெய்த அளவுக்குத் தொழிலாளராகப் பதிவுசெய்யவில்லை. இன்று நாடாளுமன்றத்தில் தமிழ்ப் பெயர்கள் உள்ளன. இரவுப் பணி முடித்து ஸ்காபரோவின் பேருந்துத் தரிப்பில் நிற்கும் தமிழரின் ஊதியத்துக்காகப் பேசும் அமைப்பு எது என்ற வினாவுக்கே விடையில்லை. அவ்விடையைத் தேடுதல் வரலாற்றாய்வின் அடுத்த பணியாதல் வேண்டும்.