மாலை முதல் கன்று வரை

வேடமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றுக்குப் பூசாரிப் படிநிலை வேண்டும் என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். கியூபாவின் சாந்தேரியா சமயத்தை மாதிரியாக வைத்திருந்தார்கள். தென்காசிக்காரனான நான் நம் சபரிமலை வழியை வைத்து ஒரு நூற்பா கட்டினேன். உரையும் என்னுடையதே.

கழுத்தில் மாலை, தலையில் முடி,
காலுக்குப் படி, கடைசியில் கன்று;
கருவறைக்கு வழி வேறு.

கழுத்தில் மாலை: கார்த்திகை பிறந்தால் குற்றாலம் பேரருவியில் விடியுமுன்பே கறுப்பு வேட்டிகள் நனையும். குளித்து வந்தவருக்குத் துளசிமணி மாலையை, வழிநடத்தும் மூத்தவரான குருசாமி போட்டுவிடுவார். அன்று தொட்டு 41 நாள் விரதம். சொந்தப் பெயர் ஒதுங்கி எல்லாரும் ‘சாமி’ ஆவர். முதல் ஆண்டுக்காரர் ‘கன்னிசாமி’. சாந்தேரியாவிலும் மணிமாலை உண்டு. அங்கே புதிதாகத் தீட்சை பெற்றவர் ‘இயாவோ’; யொரூபா மொழியில் மணப்பெண் என்று பொருள். அவர் ஓராண்டு வெள்ளை உடுத்துவார்.

தலையில் முடி: முடி என்றது இருமுடியை. முன்முடியில் நெய்த்தேங்காய், சாமிக்கு. பின்முடியில் வழிச்சாமான், தனக்கு. கட்டித் தலையில் ஏற்றிவிடுபவர் குருசாமி. சுமப்பது அவரவர் பாடு. இருமுடி இல்லாத பக்தருக்குச் சன்னிதிக்கு ஏறும் பதினெட்டாம்படி இல்லை.

காலுக்குப் படி: படி என்பது அந்தப் பதினெட்டு மட்டும் அன்று. தென்காசி, செங்கோட்டை, புளியரை கடந்தால் ஆரியங்காவு. சாஸ்தாவான ஐயப்பனுக்கு அங்கே திருமணம். குளத்துப்புழையில் பாலகன், அச்சன்கோவிலில் பூரணை புட்கலையோடு இல்லறத்தான், சபரிமலையில் பிரம்மச்சாரி. சாமிக்கே நிலைகள் உண்டு என்பது இதனால் பெறப்படும். மலைக்கு அப்பாலுள்ள சாமி நமக்கு அயல் அல்ல: செங்கோட்டை மலையாளப் பக்கத்திலிருந்து தமிழ்ப் பக்கம் சேர்ந்ததே 1956 நவம்பர் 1 அன்றுதான். மார்கழியில் அச்சன்கோவில் ஆபரணப் பெட்டியும் புனலூரிலிருந்து தென்காசிக்கு வந்த பிறகே கோயில் சேரும்.

கடைசியில் கன்று: பதினெட்டாம் முறை மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று கொண்டுபோய் நடுவது வழக்கம். குருசாமி என்ற பெயருக்கு நியமன ஆணை கிடையாது. நடந்த ஆண்டுகளே கணக்கு. கன்னிசாமியின் குளியல், சாப்பாடு, காட்டுவழிப் பயம் எல்லாம் அவர் பொறுப்பு.

கருவறைக்கு வழி வேறு: சாந்தேரியாவில் தீட்சை பெற்றவர் பின்னாளில் தாமே பிறருக்குத் தீட்சை தரும் பூசாரி ஆகலாம். இங்கே பதினெட்டு முறை போன குருசாமியும் சன்னிதியில் வெளியே நின்றுதான் கும்பிடுவார். பூசைமுறைக்குத் தலைவரான தந்திரியின் உரிமை தாழமண் குடும்பத்துக்கு. தலைமைப் பூசாரியான மேல்சாந்தியைச் சீட்டுக் குலுக்கி ஓராண்டுக்கு எடுப்பார்கள். ஆகவே இவை இரண்டு ஏணிகள். ஒன்றில் ஏறி மற்றதற்குத் தாவ முடியாது.

விளையாட்டு அமைப்போருக்கு ஒரு சொல்: குருசாமிக்கு மந்திர வலு ஏற்றிவிடாதீர்கள். ஆண்டு கூடக் கூட அவருக்குக் கூடுவது கட்டிக்கொடுக்க வேண்டிய முடிகளின் எண்ணிக்கைதான்.