புதையல் வேட்டைக்கு எங்கே போவது?

மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கிவிட்டவர் அடுத்துக் கேட்பது, முதலில் எங்கே போகலாம் என்பதுதான். இங்கிலாந்தில் இதற்கு எளிய விடை உண்டு. நிலக்காரரிடம் அனுமதி பெற்று உழுத வயலில் நடக்கலாம். 2009இல் ஸ்டாஃபர்ட்ஷயர் வயலொன்றில் ஆங்கிலோ-சாக்ஸன் காலப் பொற்குவியல் அவ்வாறுதான் கிடைத்தது. அந்தப் படங்களைப் பார்த்த நம்மவர்க்கும் கை துறுதுறுக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலான நிலப்பரப்பை அறிந்தவர்க்கோ, எங்கே போகாமலிருப்பது என்றுதான் கேட்கத் தோன்றும்.

தேவனாம்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். 1690இல் செஞ்சி மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கியது. அதுவே பின்னாளில் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை! நெடுந்தொலைவு சுடவல்ல பீரங்கி ஒன்று தேடிப் பிடிக்கப்பட்டது. மருந்தை எப்படிக் கெட்டித்துச் சுட்டால் ஆதாயம் என்பது பீரங்கிக்காரரின் கைத்திறன் என்று சென்னை நிர்வாகம் நாசூக்காக எழுதி அனுப்பியது. நான்கு திக்கிலும் குண்டுகள் பறந்தன. விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்களெல்லாம் கும்பினிக்கு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்னும் பெயர்கள் இன்றும் வழக்கிலிருக்கின்றன. நில அளவைக்கு இத்தனை வெடிமருந்து செலவழிந்த ஊர் வேறெங்கும் உண்டா என்று எங்களுக்கு ஐயமே. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் போனபின் சில ஆண்டுகள் இந்தக் கோட்டைதான் தென்னகத்தில் ஆங்கிலேயரின் தலைமையிடம். 1758இல் லாலி இதைப் பிடித்து இடித்தார். 1783இலும் கடலூரில் பெரும் போர் நடந்தது. இத்தனைக்கும் பிறகு இவ்வூர் மண்ணில் இரும்புக்கும் ஈயத்துக்கும் பஞ்சமிருக்க வழியில்லை.

இன்னும் பின்னோக்கிப் போனால் தென்பெண்ணை இருக்கிறது. கடலூரருகே கடலில் கலக்கும் இதே ஆற்றின் மேற்பகுதியில், திருக்கோவிலூர்ப் பக்கத்து மணலில், சங்ககால மலையமான்களின் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. அத்தகைய காசுகளைத் தேடிச் சேர்த்து, எழுத்துகளைப் படித்து நூல்களாக்கியவர்களுள் முதன்மையானவர் தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கல்வெட்டுத்துறை அலுவலர் அல்லர், ஆர்வலர். ஆர்வலர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவரே சான்று.

ஆயினும் இப்பகுதியின் உண்மையான செல்வம் காசுமன்று, குண்டுமன்று, செப்புத்திருமேனிகள். 1311இல் மாலிக் கஃபூரின் படை தெற்கே வந்தது முதல், போர்ச் செய்தி கேட்கும்போதெல்லாம் உலாத் திருமேனிகளைக் குழி வெட்டிப் புதைத்து வைப்பது வழக்கமாயிற்று. தில்லைக் கூத்தபிரானே 1648 முதல் 1686 வரை தில்லையில் இல்லை. குடுமியான்மலையிலும் மதுரையிலும் கரந்திருந்து மீண்டார். அவர் மீண்டார், பல ஊர்களில் புதைத்தவர்கள் மீளவில்லை. எங்கே புதைத்தோம் என்ற செய்தியும் அவர்களோடு போயிற்று. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. 2023 ஏப்ரலில் அங்குச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு யாகசாலைக்காக மண் எடுத்தபோது 22 செப்புத்திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் கறையான் அரித்த நிலையில் கிடைத்தன என்ற பழங்கதை நாமனைவரும் அறிந்தது. கறையான் தொட முடியாத செம்பில் அப்பாடல்களை எவரோ வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது எங்களை நெகிழச் செய்தது.

இங்கேதான் இங்கிலாந்தின் விடை நமக்குப் பொருந்தாமற் போகிறது. கைவிடப்பட்ட பொருள் வேறு, மீட்க எண்ணி மறைத்த பொருள் வேறு. திருமேனிக்கு உரிய கோயில் பெரும்பாலும் அருகிலேயே நிற்கிறது.

சட்டமும் தெளிவாகவே பேசுகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எப்பொருள் கிடைத்தாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்த நாள் என்பன அதில் இருக்க வேண்டும். (அந்நாளில் பத்து ரூபாய் என்பது பெருந்தொகை, இந்நாளில் தேநீர்க்கே சரியாய்ப் போகும்.) உரிமையாளர் இல்லையென்று முடிவானால் பொதுவாகக் கண்டெடுத்தவர்க்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரர்க்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்திலொரு பங்கு கூட்டித் தரும். மறைத்தால் பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் நேரலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம். தொல்பொருளை உரிமமின்றி விற்பதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சட்டத்துக்கு அஞ்சியே ஒதுங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதனினும் வலிய காரணம் ஒன்று பத்தூர் வழக்கில் இருக்கிறது. 1976இல் பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், சிதைந்த சிவன் கோயிலருகே மண்வெட்டியில் ஒரு நடராசர் தட்டுப்பட்டார். சில ஆயிரங்களுக்கோ நூறுகளுக்கோ கைமாறிக் கைமாறி இலண்டன் சேர்ந்தார். 1982இல் கனடா நிறுவனமொன்று அவரை இரண்டரை இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது. தூய்மை செய்யக் கொடுத்திருந்த நிலையில் இலண்டன் காவல்துறை கைப்பற்ற, வழக்கு மூண்டது. கோயிலும் அதன் சிவலிங்கமும் வழக்காடிகளாக ஆங்கிலேய நீதிமன்றத்தில் நின்ற விந்தையை அனைவரும் பேசுவர். நாங்கள் வியப்பது வேறொன்றை. இவர் பத்தூர் நடராசர்தாம் என்பதை எப்படி மெய்ப்பித்தார்கள்? பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டு ஆய்ந்தார்கள். மேலே ஒட்டியிருந்த மண், உலோகத்தில் ஏறிய களிம்பு, கறையான் ஓடிய தடம் ஆகியனவெல்லாம் சாட்சியாயின! 1988இல் தீர்ப்பு கோயில் பக்கம் வந்தது; 1991இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது; அவ்வாண்டே நடராசர் நாடு திரும்பினார்.

கருவியோடு போகும் புதியவர் முதலில் செய்வதென்ன? கிண்டி எடுப்பார், கழுவித் துடைப்பார். பத்தூர் நடராசரை ஊர் சேர்த்த சாட்சியை அந்தக் கழுவுநீரிலேயே ஊற்றிவிடுவார்.

கருவியின் குறை இன்னொன்று. கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டம் காந்தப்புலத்தை எழுப்ப, மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஒலி கேட்கிறது. அவ்வளவே அதன் அறிவு. ஆணிக்கும் அம்மனுக்கும் அது ஒலிக்கும். மணிக்கும் மட்கலத்துக்கும் மௌனம் காக்கும். ஆனால் இக்கரையின் பழங்கதையைச் சொன்னவை மட்கலங்களே. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டின் காலத்தைக் கணித்தது இத்தாலிய நாட்டு அரிட்டைன் ஓடுகளைக் கொண்டு. கடலூரையடுத்த காரைக்காட்டிலும் குடிகாட்டிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து அரிக்கமேட்டின் உறவை அறிந்ததும் ஓடுகளாலும் மணிகளாலுமே. இன்று அவ்விடத்தையொட்டிச் சிப்காட் ஆலைகள் நிற்கின்றன.

ஆகவே எங்கே தொடங்குவது என்று கேட்போர்க்கு எங்கள் விடை: கடலூர் அரசு அருங்காட்சியகத்தில். கறுப்பு-சிவப்பு ஓடு எது, ரௌலட்டட் ஓடு எது என்று கண் பழகட்டும். பிறகு பண்ருட்டிப் பக்கத்து மருங்கூர்; 2024இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு நடத்தியது. குழிச் சுவரில் மண்ணடுக்குகளை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதை, அகழாய்வு நடக்கும் எந்த இடத்திலாவது அனுமதி பெற்று ஒரு நாள் பார்த்துவிட்டால் தோண்டும் ஆசை பாதி அடங்கும். கையில் கேமரா உள்ளவர்க்கு அதைவிடப் பெரிய பணி இருக்கிறது. விருத்தாசலம் கோயிலிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலியா சேர்ந்த அர்த்தநாரீசுவரர் 2014இல் மீண்டதற்குத் துணைநின்றது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல்லாண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த ஒரு நிழற்படம். படமெடுக்கப்படாத சிறு கோயில்கள் இவ்விரு வட்டாரங்களிலும் இன்னும் எத்தனையோ!

வயலில் உழவுக் கொழுவிலோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ உலோகம் தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், மேற்கொண்டு தோண்டாதீர்கள். கிடந்தபடியே படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ உடனே சொல்லுங்கள். ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தில் நாளையும் இடத்தையும் குறிப்பிட்டு, படியொன்றை ஒப்புகையோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். பங்கு கேட்க அது வேண்டும்.